கட்டிலை நகர்த்திய கதையும் உன் கேள்விக்கான பதிலும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. குழந்தை உறங்கும் அறையில் வைஃபை ரவுட்டர் இருக்கலாமா, எதிரே தெரியும் செல்போன் கோபுரத்தால் அவளுக்கு ஏதேனும் ஆகிவிடுமா என்று சென்ற வாரம் நீ கேட்டபோது, பிறகு சொல்கிறேன் என்று பேச்சை முடித்துக்கொண்டேன். இரண்டு வரியில் பதில் சொன்னால் நீ பயந்துவிடலாம், அல்லது அப்பா இதை அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்துவிடலாம். முப்பது ஆண்டுகள் துணைமின் நிலையத்தில் வேலை பார்த்தவன் தன் பேத்தியின் பொருட்டாவது இதை ஒழுங்காக எழுத வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கட்டிலை எதிர்ச் சுவரோரம் நகர்த்திப் போட்டேன். சன்னல் தூரமாகிவிட்டதே என்று நீ அன்று மாலை வரை அழுதாய். காரணத்தை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. உன் தலைமாட்டுச் சுவருக்கு மறுபுறம்தான் வீட்டின் மீட்டர் பெட்டியும் மெயின் போர்டும் இருந்தன. அலுவலகத்திலிருந்து காந்தப்புலத்தை அளக்கும் மீட்டரை ஒரு நாள் கேட்டு வாங்கி வந்து வீடு முழுக்க அளந்தபோது, உன் தலையணை இருந்த இடத்தில் அது ஒரு மைக்ரோடெஸ்லாவைத் தாண்டிக் காட்டியது; அங்கிருந்து நான்கைந்து அடி விலகியதும் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. செங்கல் சுவர் காந்தப்புலத்துக்கு ஒரு தடையே இல்லை, தூரம்தான் தடை.

மின்கம்பிகளின் அமைப்பையும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயையும் தொடர்புபடுத்தி, அமெரிக்காவின் டென்வர் நகரில் வெர்தைமர், லீப்பர் என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி என் மேலதிகாரி ஒருவர் சொல்லக் கேட்டிருந்தேன். அந்த ஆய்வில் குறைகள் உண்டு என்றும் அவரே சொன்னார். பின்னாளில் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2000-இல் பார்த்தபோது, வீட்டின் சராசரிக் காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் அந்த நோய் ஏறக்குறைய இரு மடங்காகக் காணப்பட்டது. ஆனால் அவ்வளவு புலத்தில் வளர்ந்த குழந்தைகள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நோயே அரிதானது, அதன் இரு மடங்கும் அரிதுதான். காந்தப்புலம்தான் காரணம் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை, உடலுக்குள் அது எவ்வழியில் நோயை உண்டாக்கக்கூடும் என்பதற்கும் விடை கிடைக்கவில்லை. அதனால்தான் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் அதை 2பி என்ற பிரிவில், அதாவது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கவும் கூடும் என்ற அளவில் மட்டும் வைத்தது.

ஆபத்து உறுதி என்று நம்பி நான் கட்டிலை நகர்த்தவில்லை, அம்மா. ஒரு பிற்பகல் உழைப்பும் மாலை வரை நீடித்த உன் அழுகையும்தான் அதற்கு ஆன செலவு என்பதால் நகர்த்தினேன். செலவில்லாமல் செய்யக்கூடியதைச் செய்துவிட வேண்டும், செய்த பிறகு அதை மறந்துவிட வேண்டும். நீ இப்போது கேட்டிருக்கும் எல்லாவற்றுக்கும் நான் இதே அளவுகோலைத்தான் வைத்துப் பார்க்கிறேன்.

நீ கேட்டதில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 அல்லது 60 முறை அதிர்வது. அதைச் சுற்றி எழும் புலம் மிக மெதுவான வகையைச் சேர்ந்தது. செல்போனும் ரவுட்டரும் வெளியிடும் ரேடியோ அலைகளோ வினாடிக்குப் பல கோடி முறை அதிர்பவை. வைஃபையின் பழைய அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 240 கோடி அதிர்வுகள். எண்ணைக் கேட்டு மிரண்டுவிடாதே. எக்ஸ்-கதிர் செய்வதுபோல அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்து மரபணுவை நேரடியாக உடைக்கும் ஆற்றல் இந்த அலைகளுக்குக் கிடையாது. அளவு மிகுந்தால் திசுவைச் சூடாக்கும் என்பது மட்டுமே இவற்றைப் பற்றித் திட்டவட்டமாகத் தெரிந்த கெடுதல். உடல் முழுவதும், எடையில் கிலோவுக்கு 4 வாட் என்ற அளவில் சூட்டின் பாதிப்பு தொடங்குகிறது என்று கணக்கிட்டு, அதில் 50-இல் ஒரு பங்கான 0.08 வாட்டைத்தான் பொதுமக்களுக்கான வரம்பாகச் சர்வதேச வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கின்றன.

ரேடியோ அலைகளையும் அந்தப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் அதே 2பி பிரிவில் சேர்த்தது. இதைச் சொல்லித்தான் பலர் பயமுறுத்துகிறார்கள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை. அந்தப் பட்டியல் சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதற்கு இணங்கப் பல பத்தாண்டு ஆய்வுகளை அலசி 2024-இல் வெளிவந்த மதிப்பாய்வு, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

இனிக் கோபுரம். அதைக் கண்டு அஞ்சுவது இயல்புதான், உயரமாக நிற்கிறது, எப்போதும் கண்ணில் படுகிறது. ஆனால் நம் உடலுக்குக் கிடைக்கும் அலையில் பெரும்பங்கு நம் கையில் இருக்கும் செல்போனிலிருந்தே வருகிறது, ஏனென்றால் அதுதான் காதோடு ஒட்டியிருக்கிறது. இன்னொன்றையும் கவனி. எதிரே இருப்பவரிடம் மெல்லப் பேசுகிறோம், ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவரைக் கத்திக் கூப்பிடுகிறோம், செல்போனும் அப்படித்தான். சிக்னல் நன்றாக இருந்தால் அது மிகக் குறைந்த திறனில் பேசும். மின்தூக்கியிலும் நிலவறையிலும் ஓடும் வாகனத்திலும் கோபுரத்தைத் தேடித் தன் முழுத் திறனுக்கும் ஏறும். ஆகவே கோபுரம் எங்கோ தொலைவில் இருக்கும் வீட்டில், காதருகே இருக்கும் அலை கூடுதலாகத்தான் இருக்கும். கோபுரத்தைப் பார்த்து வீடு மாறலாமா என்று நீ மாப்பிள்ளையிடம் கேட்டதாகச் சொன்னாய், வேண்டாம்.

ரவுட்டரைத் தொட்டிலருகிலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்துவிடு. அதன் திறன் 0.1 வாட் அளவுதான், செல்போன் ஏறக்கூடிய உச்சத்தைவிடக் குறைவு. விஷம் என்று நினைத்து நான் சொல்லவில்லை. தூரம் நான்கு மடங்கானால் அலையின் செறிவு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதும், அதற்கு ஒரு கேபிளைத் தவிர வேறு செலவில்லை என்பதும்தான் காரணம். குழந்தையின் அழுகையைக் கேட்க வைத்திருக்கும் மானிட்டரையும் தலைமாட்டில் வைக்காமல் ஒரு மீட்டராவது தள்ளி வை. நீண்ட நேரம் பேசும்போது ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசு. தாலாட்டுப் பாட்டை ஒலிக்கவிட்டுத் தொட்டிலுக்குள் செல்போனை வைப்பதாக இருந்தால் முதலில் விமானப் பயன்முறைக்கு மாற்று; தொட்டிலுக்குள் வைக்காமலே இருந்தால் இன்னும் நல்லது. தலைமுடி உலர்த்தும் கருவி மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் 2000 மைக்ரோடெஸ்லா வரை காட்டக்கூடும், அதுவே முப்பது சென்டிமீட்டரில் அதிகம் போனால் 7. சில நிமிடங்கள்தான் பயன்படுத்துகிறோம் என்பதால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. தூரம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டவே இதைச் சொன்னேன்.

உன் அம்மாவின் விஷயம் இவற்றிலிருந்து வேறானது, இங்கே ஊகத்துக்கு இடமில்லை. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் நெஞ்சில் இருப்பவர்கள் செல்போனை அதிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைத்திருக்க வேண்டும். சில புதிய செல்போன்களுக்குள் இருக்கும் காந்தங்கள் அந்தக் கருவியின் வேலை முறையையே மாற்றிவிடக்கூடும். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்தும் இரண்டடி விலகி நிற்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். உன் வீட்டுக்கு வரும்போது பேத்தியைத் தூக்கும் ஆசையில் கையில் செல்போனோடு குனிந்துவிடுவாள்; நீதான் நினைவூட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் எனக்காகக் கேட்டுக்கொள். கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சொல்லி விற்கப்படும் எதையும் வாங்காதே. ஒருவர் வீடு தேடி வந்து, செல்போனின் பின்புறம் ஒட்டினால் அலையெல்லாம் அடங்கிவிடும் என்று சொல்லி உன் அம்மாவிடம் நான்கு வில்லைகளை விற்றுவிட்டுப் போனார். அவள் நம்பியதில் தவறில்லை. நம் எல்லோரையும் நினைத்துத்தான் வாங்கினாள். எனக்கு அந்த மனிதர் மேல்தான் இன்னும் கோபம். அந்த வில்லை உண்மையிலேயே அலையைத் தடுத்தால், செல்போன் சிக்னல் கிடைக்காமல் தன் திறனை இன்னும் ஏற்றிக்கொள்ளும். தடுக்காவிட்டால் அது வெறும் ஸ்டிக்கர். இதைவிடக் கொடுமையும் நடந்திருக்கிறது. 5ஜி அலையிலிருந்து காப்பதாக விற்கப்பட்ட பதக்கம், கைவளையம், உறக்கக் கண்மூடி முதலான பத்துப் பொருள்களைச் சோதித்த நெதர்லாந்தின் அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம், அவையே எக்ஸ்-கதிர்போல அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்கும் அயனியாக்கும் கதிர்வீச்சை வெளியிடுகின்றன, அணிய வேண்டாம் என்று 2021 டிசம்பரில் எச்சரித்தது. இல்லாத ஆபத்துக்குப் பயந்து உள்ள ஆபத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டவர்களில் குழந்தைகளும் இருந்திருப்பார்களே என்று நினைக்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

வைஃபை இருக்கும் அறையில் மாப்பிள்ளைக்குத் தலை வலிக்கிறது என்றாய். வலி பொய் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் இப்படிப்பட்ட வலியுள்ளவர்களை வைத்து, அலை இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாதபடி நடத்திய 31 சோதனைகளை 2005-இல் தொகுத்துப் பார்த்தபோது, அலை இருப்பதை அவர்களால் உணர முடிந்தது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. வலிக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். கண் பரிசோதனை செய்தாரா, அந்த அறையில் காற்றோட்டம் இருக்கிறதா, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று பார். ரவுட்டரைக் குற்றம் சொல்லிவிட்டு நின்றுவிட்டால் உண்மையான காரணம் கவனிக்கப்படாமலே போய்விடும்.

படுக்கும் நேரத்தைப் பற்றி எழுதும்போது, நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு உண்மையான கவலை அதில்தான் இருக்கிறது. நள்ளிரவில் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், அதன் பிறகு உறக்கம் வருவதில்லை என்றும் சொன்னாய். திரையின் ஒளி உறக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். படிக்கும் செய்தி மனத்தை விழிக்க வைத்துவிடும். ஐந்து மாதக் குழந்தையோடு இருப்பவளுக்கு உறக்கத்தைவிடப் பெரிய மருந்தில்லை. குழந்தையின் கண்ணும் அந்த வெளிச்சத்தின் பக்கமே திரும்பும். ஒரு வயது வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. படுக்கப் போகும்போது இருவரின் செல்போன்களையும் கூடத்தில் சார்ஜில் போட்டுவிடுங்கள். அவசர அழைப்பு வந்தால் கேட்கும் அளவுக்கு மணியோசையைக் கூட்டி வைத்தால் போதும். அலைக்கு அஞ்சுபவர்கள் சொல்வதும் இதுதான், உறக்க மருத்துவர்கள் சொல்வதும் இதுதான் என்பதால், யார் சொல்வது சரி என்று தீர்மானிக்கும்வரை நீ காத்திருக்கத் தேவையில்லை.

காலையில் எழுப்புவதற்குச் செல்போன் வேண்டுமே என்று சொல்வாய். அடுத்த மாதம் நாங்கள் வரும்போது பேட்டரியில் ஓடும் அலார கடிகாரம் ஒன்றைக் கொண்டு வருகிறேன். நெட்வொர்க் கேபிளும் வாங்கி வந்து கூடத்துச் சுவரோரம் நானே பதித்துத் தருகிறேன். இணைய இணைப்பு உள்ளே வரும் இடத்திலிருந்து கூடத்து அலமாரி வரை, கதவு நிலையைச் சுற்றிப் போகும் தூரத்தையும் சேர்த்து, எத்தனை மீட்டர் என்று அளந்து எழுது. தொட்டில் நிற்கும் சுவருக்கு மறுபுறம் என்ன இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா