ஜனவரி 18, ஞாயிறு: நம் டாக்டர் தோழியுடன் ஒரு காலை

அனைவருக்கும் வணக்கம்.

நம்மோடு ப்ளஸ் டூ படித்து, இருபது வருடமாகக் குழந்தைகளுக்கான மருந்து ஆராய்ச்சியில் இருக்கும் தோழி பொங்கலுக்கு மதுரை வருகிறார். வளரும் உடலில் மருந்து என்ன செய்கிறது என்பதுதான் அவர் துறை. 1950களில் குளோரம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் சிலர் உடல் சாம்பல் பூத்து இறந்தார்கள். அந்த மருந்தை முறிக்கும் பக்குவம் அவர்கள் கல்லீரலுக்கு வந்திருக்கவில்லை. பெரியவர் அளவைக் குறைத்தால் மட்டும் அது குழந்தை மருந்தாகிவிடாது. இதை அவர் வாயால் கேட்க வேண்டும்.

நேரம்: காலை 10.30
இடம்: நம் பள்ளி மாடி அரங்கம், தல்லாகுளம்

1. வீட்டிலுள்ள காய்ச்சல் சிரப் பாட்டிலை மூடியோடு எடுத்து வாருங்கள். பாராசிட்டமால் 5 மில்லியில் 125 மி.கி., 250 மி.கி. என இரு விதமாக வருகிறது. போன மாதம் இரண்டும் ஒன்றென்று நினைத்து மகளுக்கு ஊற்றப் போனேன். லேபிளைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.
2. ப்ளஸ் டூ பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள்.
3. கேள்விகளை வெள்ளிக்குள் இங்கே போடுங்கள். பிள்ளைகளின் சிகிச்சை விவரம் மட்டும் குழுவில் வேண்டாம்.
4. எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள். அப்புறம்தான் டீ, வடைக்குச் சொல்ல முடியும்.