அட்டை குத்தியவன் எழுதுவது

காஞ்சிபுரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. உன் குழுவில் நான்கு பேரை அனுப்பிவிட்டார்கள், நிரல் எழுதுவதை இப்போது இயந்திரமே செய்துவிடுகிறது என்றாய். "உங்களுக்கு அட்டை போனதுபோல எனக்கும் ஒருநாள் போகும் அப்பா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அதே மூச்சில், அலுவலக வேலையாக இரண்டு மாதம் பிரான்சில் லியோனுக்குப் போகிறேன் என்றாய். நான் எழுந்தே நின்றுவிட்டேன். என்னவோ ஏதோ என்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

லியோன் எந்த ஊர் என்று உனக்குத் தெரியுமா? நம் தறிக்கு மேலே உட்கார்ந்து, நான் துளை குத்திய அட்டைகளைப் பார்த்துப் பூ வேலைக்கு இழை தூக்கிக் கொடுத்ததே ஜக்கார்டுப் பெட்டி, அதற்குச் சொந்த ஊர் அதுதான்.

ஜக்கார்டு என்பது ஏதோ கம்பெனிப் பெயர் என்றுதான் நானும் பாதி வயதுவரை நினைத்திருந்தேன். கைத்தறிப் பயிற்சிக்கு வந்த ஒரு வாத்தியார்தான் அது மனிதர் பெயர் என்று சொன்னார். நீ டேப்லெட் வாங்கிக் கொடுத்த பிறகு மற்றதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். ஜோசப் மரி ஜக்கார்டு, 1752இல் லியோனில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பூ வேலைப் பட்டு நெய்ய ஒருவர் போதாது. ஒருவர் ஊடை, அதாவது குறுக்கு இழை, போடுவார், இன்னொருவர் பக்கத்தில் நின்று கயிறுகளை வரிசை தப்பாமல் இழுத்துக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான் அந்த வேலை செய்தார்கள். நம் ஊரில் தாத்தா காலத்தில் பூ வடிவத்தைக் கயிற்றில் 'அடை'யாகக் கட்டி இழுத்ததும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான்.

1804இல் ஜக்கார்டு அந்த இழுக்கும் ஆளை அட்டையாக மாற்றிவிட்டார். எல்லாவற்றையும் அவரே கண்டுபிடித்தார் என்று எண்ணிவிடாதே. 1725லேயே அதே லியோனில் பூஷோன் என்பவர் காகிதச் சுருளில் துளை போட்டுத் தறிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு ஃபால்கோன் என்பவர் அந்தச் சுருளை அட்டைகளாக வெட்டிக் கோத்தார். வோகான்சோன் என்பவர் செய்து பாரிசில் கிடந்த ஒரு தறியைப் பார்த்துத்தான் ஜக்கார்டுக்கு வழி பிடிபட்டது. மூன்று பேர் உழுத நிலத்தில் நான்காமவர் அறுத்தார், பெயரும் அவருக்கே போனது. நெப்போலியன் அவருக்கு ஓய்வூதியம் கொடுத்து, தறியைப் பொதுச் சொத்தாக்கினான்.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது என் மணைக்கு அடியில் உட்கார்ந்து, குத்தி விழும் காகித வட்டங்களை டப்பாவில் பொறுக்குவாய். ஒருநாள் அதைப் பள்ளிக்கு எடுத்துப் போய்த் தோழி தலையில் கொட்டித் திட்டு வாங்கினாய். அந்த வட்டங்கள்தான் உன் தொழிலுக்கு முதல் எழுத்து என்று அப்போது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நம்முடையது 240 கொக்கிப் பெட்டி. ஒரு அட்டை என்றால் ஊடையில் ஒரு வரி. அட்டை வந்து ஊசிகளின்மேல் மோதும். துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போய்விடும், அதன் கொக்கி நின்ற இடத்திலேயே நின்று நெடுக்கே ஓடும் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி சாய்ந்துகொள்ளும், இழை கீழேயே கிடக்கும். தூக்கு, தூக்காதே. இரண்டே சொல்தான். நீ ஒன்று, பூஜ்யம் என்று படித்தாயே, அதைத்தான் நான் முப்பது வருடம் குத்திக்கொண்டிருந்தேன். கிராஃப் தாளில் சிவப்பு அடித்த கட்டம் என்றால் குத்து, வெள்ளை என்றால் விடு.

கிளி மூக்கு விவகாரம் உனக்கு நினைவிருக்காது. உனக்கு நான்கு வயது. பார்டரில் கிளி வைத்த டிசைன். ராத்திரி விளக்கில் குத்தியபோது ஒரு கட்டம் தள்ளிக் குத்திவிட்டேன். ஒரே ஒரு துளை. அட்டைகளைக் கோத்த மாலை சுற்றிச் சுற்றி வருமல்லவா, அதனால் எல்லாக் கிளிக்கும் மூக்கு உடைந்தது. நெய்தவர் ஒரு முழம் ஓடிய பிறகுதான் பார்த்தார். கிளியா காக்கையா என்று தெரு முழுக்கக் கேலி. நெய்ததைப் பிரித்தது அவர் பாடு. என் பாடு, அந்தத் துளையின்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மூடி, பக்கத்துக் கட்டத்தில் புதிதாகக் குத்தியது.

நீ "பேட்ச் போட வேண்டும், தூங்க முடியாது" என்று இரவெல்லாம் கண் விழிப்பாயே, நிரலில் பிழையை அடைக்கும் அந்தப் பேட்ச் என்ன என்று நினைக்கிறாய்? 1944இல் ஹார்வர்டில் ஓடிய மார்க் ஒன் கணினிக்குக் கட்டளையெல்லாம் துளை போட்ட காகித நாடாவில்தான் போனது. ஊடை இழையை ஓட்டும் நம் தறி நாடா அல்ல, ரிப்பன் போன்ற நாடா. தப்பான துளையை அவர்கள் காகிதம் ஒட்டித்தான் அடைத்தார்கள். அந்த ஒட்டு நாடாவின் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கிளி மூக்குதான் கண்ணில் நின்றது.

அட்டை தறியிலிருந்து கணக்குக்குப் போன கதையை நீ கல்லூரியில் படித்திருப்பாய், சுருக்கமாகவே சொல்கிறேன். லண்டனில் சார்லஸ் பாபேஜ், தான் கட்ட நினைத்த பெரிய கணக்கு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க 1836இல் ஜக்கார்டு அட்டையை எடுத்துக்கொண்டார். இயந்திரம் கடைசிவரை முழுதாக எழும்பவில்லை. ஆனால் அவர் வீட்டில் ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று வைத்திருந்தார். வந்தவர்கள் அதை அச்சுப் படம் என்றே நினைப்பார்களாம். அது பட்டில் நெய்தது. 24,000 அட்டை! 800 அட்டையில் ஒரு முந்தானை குத்தி முடித்தாலே எனக்கு வலது தோள் ஒரு வாரம் வலிக்கும். அந்த 24,000த்தைக் குத்திய கைகளைப் பற்றித்தான் ஒருவரும் எழுதக் காணோம்.

ஏடா லவ்லேஸ் என்ற அம்மையாரை உனக்குத் தெரியும். ஜக்கார்டுத் தறி பூவும் இலையும் நெய்வதுபோல பாபேஜின் இந்த இயந்திரம் இயற்கணிதக் கோலங்களை நெய்கிறது என்று 1843இல் எழுதினார், அப்போது அவருக்கு 27 வயது. அதை அலங்காரப் பேச்சு என்று பலர் நினைக்கலாம். அட்டை குத்தியவனுக்கு அது அப்பட்டமான உண்மை. பிறகு அமெரிக்காவில் ஹோலரித் 1890 மக்கள்தொகைக் கணக்கை அட்டையில் எண்ணினார், அவருடைய கம்பெனி வளர்ந்து ஐபிஎம் என்ற கணினிக் கம்பெனி ஆனது.

இனி உன் வேலை விஷயம். பயப்படாதே என்று எழுத மாட்டேன். பென் டிரைவ் செருகும் மின்னணு ஜக்கார்டுப் பெட்டியை முதன்முதலில் ஓட்டிக் காட்டியபோது அரை மணி நேரம் நின்று பார்த்தேன். அட்டையே இல்லை. என் வேலை முடிந்தது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. வீட்டில் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. ஆறு மாதம் சும்மா இருந்தேன். குத்தும் இரும்புத் தகட்டைப் பழைய இரும்புக்குப் போட்டதை உன்னிடம் மறைத்தேன், நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய்.

பிறகு ஒரு டிசைன் பையன் தேடி வந்தான். கணினியில் மயிலை அழகாகவே வரைந்திருந்தான். நெய்தால் ஜரிகை பின்புறம் நீளமாகத் தொங்கி, உடுத்துகிறவர் வளையலில் மாட்டி இழுத்தது. எங்கே பிடித்துக் கட்ட வேண்டும் என்று திரையில் கை வைத்துக் காட்டினேன். அதிலிருந்து கூப்பிடுகிறார்கள். வருமானம் பழையதில் பாதிதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. எட்டு வயதில் நான், உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து சேர்க்கும் கோர்வைக்கு, கரை நாடா வாங்கிக் கொடுக்கத் தறியில் உட்கார்ந்தவன். கால் மரத்துப்போய், எழுந்தால் விழுவேன். அந்த வேலையைப் பிள்ளைகள் கையிலிருந்து எது பிடுங்கினாலும் அதற்கு நான் மாலை போடுவேன். ஆகவே இயந்திரத்தைத் திட்ட எனக்கு முழு மனது வராது. லியோன் நெசவாளர்கள் 1831இல் கறுப்புக் கொடி தூக்கி, "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்" என்று தெருவில் இறங்கினார்களே, அது பெட்டியை உடைக்க அல்ல. பேசி முடித்த கூலியை வியாபாரிகள் தர மறுத்ததற்காக. உன் அலுவலகத்தில் அந்த நான்கு பேர் செய்த வேலைக்கான பணம் இப்போது எங்கே போகிறது என்று யாராவது கேட்டார்களா? நீ கேட்டாயா?

லியோனில் க்ருவா ரூஸ் என்று ஒரு மேடு இருக்கிறது. நெசவாளர் வாழ்ந்த பகுதி. இந்தப் பெட்டி தறிமேல் ஏற வேண்டும் என்பதற்காகவே அங்கே வீடுகளுக்குக் கூரையை நான்கு மீட்டர் உயரம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஜக்கார்டுக்குச் சிலையும் அங்கேதான். மெட்ரோ ரயிலே மேட்டில் ஏறுமாம், நீ நடந்து போக வேண்டாம். 'மேசோன் தே கானு' என்று கேள், நெசவாளர் வீடு என்று பொருள், தறி வைத்திருக்கிறார்கள். சிலையைப் படமெடுத்து அனுப்பாதே, அது டேப்லெட்டிலேயே இருக்கிறது. தறியை ஓட்டிக் காட்டச் சொல்லி, சத்தத்தைப் பதிவுசெய். பெட்டியைப் பக்கவாட்டில் இருந்து எடு, ஊசி தெரிய வேண்டும்.

அட்டை மாலையில் ஒட்டுப் போட்ட அட்டை ஏதாவது இருக்கிறதா என்றும் பார். இருந்தால் எந்தப் பசையால் ஒட்டினார்கள் என்று கேள். நான் புளியங்கொட்டைப் பசைதான் காய்ச்சுவேன். மைதாப் பசையில் பூச்சி வைத்துவிடும்.

அங்கே குளிர் அதிகமாம், ஸ்வெட்டரை மறக்க வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா