உடம்பு போராடுகிறது என்பதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில், பிறவியிலேயே வரும் எதிர்ப்புச் சக்தி எச்ஐவியை அடக்கப் பார்க்கிறது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிக் கதையோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழேயே எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் லேகியத்துக்குக் கால் பக்க விளம்பரம். நான் எச்ஐவி பரிசோதனை செய்யும் ஒரு நம்பிக்கை மையத்தில் பல வருஷம் லேப் டெக்னீஷியனாக ரத்தம் எடுத்தவன், அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் எதை எதோடு சேர்த்துப் படிப்பார்கள் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

மீதிக் கதை இது. நம் செல்லுக்குள் அபோபெக் 3ஜி என்று ஒரு புரதம் இருக்கிறது, 2002இல் ஆன் ஷீஹியும் மைக்கேல் மாலிமும் அவர்கள் குழுவினரும் கண்டுபிடித்தது. புதிதாக உருவாகிக் கிளம்பும் வைரஸுக்குள் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த வைரஸ் அடுத்த செல்லுக்குப் போய்த் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும்போது எழுத்துகளை மாற்றிப் பிழைக்கு மேல் பிழையாக்கிவிடும், அப்புறம் அந்தப் படியை வைத்து உருப்படியாக ஒரு வைரஸைச் செய்ய முடியாது. எவ்வளவு அருமையான ஏற்பாடு! ஆனால் எச்ஐவியிடம் விஃப் என்று ஒரு புரதம் இருக்கிறது, அபோபெக்கைப் பிடித்துக்கொடுத்து செல்லே அதைச் சிதைக்கும்படி செய்வதுதான் அதன் வேலை. டெதரின் என்ற புரதத்துக்கும் இதே கதிதான். வெளியேறும் வைரஸை அது செல்லின் மேற்பரப்போடு கட்டிப்போடும், எச்ஐவியின் விபியு என்ற புரதம் வந்து அந்தக் கட்டை அவிழ்த்துவிடும்.

எனக்கு மனசே ஆறாத விஷயம் டிரிம்5 ஆல்ஃபாதான். ரீசஸ் குரங்கிடம் உள்ள இந்தப் புரதம், எச்ஐவி செல்லுக்குள் நுழைந்ததுமே அதன் மரபுப் பொருளைப் பொதிந்து வைத்திருக்கும் கூட்டைப் பிடித்துக் குலைத்துவிடுகிறது என்று 2004இல் தெரிந்தது. நம்மிடமும் அதே புரதம் உண்டு, ஆனால் எச்ஐவி அதற்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. மனிதப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் ஆய்வகத்தில் அதுவும் வைரஸைத் தடுக்கிறது. ஒரே ஒரு அமினோ அமிலம்! அது நம் மரபணுவில் எழுதி வந்தது, எந்தச் சூரணமும் அதை மாற்றாது.

சரி, அப்படியானால் இந்தப் பிறவிப் பாதுகாப்பு வீணா என்றால், நிச்சயமாக இல்லை. உடலுறவு வழியே தொற்று வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு நோயைத் தொடங்கிவைத்தது ஒரே ஒரு வைரஸ்தான் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றதெல்லாம் வழியிலேயே மடிந்துபோகின்றன. உள்ளே வந்து ஊன்றிவிட்ட அந்த ஒன்றிடம்தான் உடம்பு தோற்கிறது.

"கூட்டுவது" என்ற பேச்சே இந்த நோய்க்குப் பொருந்தாது என்பதையும் யாராவது எழுத வேண்டும். எச்ஐவி விரும்பிப் பெருகுவது, எதிர்ப்புச் சக்தியை வழிநடத்தும் வெள்ளணுக்களான சிடி4 செல்களில், அதுவும் முடுக்கிவிடப்பட்டவற்றில்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்குகளின் ரத்தத்தில் இதன் உறவுக்கார வைரஸ் ஏராளமாக ஓடுகிறது, ஆனாலும் பெரும்பாலும் அவற்றுக்கு எய்ட்ஸ் வருவதில்லை. தொற்றிய தொடக்கத்தில் அவற்றின் உடம்பும் கொதித்தெழுகிறது, ஆனால் சில வாரங்களில் தானே அடங்கிவிடுகிறது. நம் உடம்பு அடங்குவதில்லை, வருஷக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருந்து தன்னையே தேய்த்துக்கொள்கிறது.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தபோது கொடுப்பதற்கு மருந்தே கிடையாது. அந்தக் காலத்து நோயாளிகளுக்கு இருந்தது உடம்பின் சொந்தப் பாதுகாப்பு மட்டும்தான், அது சராசரியாகப் பத்து வருஷம் தாக்குப்பிடித்தது, அப்புறம் விட்டுவிட்டது. மருந்தில்லாமலே வைரஸை அடக்கி வைப்பவர்கள் உண்டு, நூற்றில் ஒருவருக்கும் குறைவு. தான் அந்த ஒருவர் என்று நினைத்துக்கொண்டு எங்கள் மையத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் மாத்திரையை நிறுத்தினார். ஏதோ ஒரு பவுடரைத்தான் சாப்பிட்டார். ஏழெட்டு மாதம் கழித்து மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார், காசநோய் வந்திருந்தது. பேப்பரில் போட்டிருந்தார்களே சார் என்றார், எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

2004 ஏப்ரலிலிருந்து அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. 2017லிருந்து சிடி4 எண்ணிக்கை குறையும்வரை காத்திருக்கவும் வேண்டாம், தொற்று உறுதியானதுமே தொடங்கலாம். தினமும் விடாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸைக் குறைத்து, அப்படியே வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று போகாது. டிரிம்5 செய்யத் தவறிய வேலையைச் செய்யக்கூட மருந்து வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி குறிவைப்பது அதே கூட்டைத்தான். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024இல் வந்தது, அந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை.

அடுத்த ஞாயிறு இந்த மீதிக் கதையையும் அதே பக்கத்தில் போடுங்கள். கீழே அந்த விளம்பரத்துக்குப் பதிலாக 1097 என்ற இலவச உதவி எண்ணைப் பெரிதாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
மதுரை