ஆகஸ்ட் 28இல் எங்கள் மலையில் எவ்வளவு மழை?

வளிமண்டலவியல் திணைக்களத்தாருக்கும், மலையகத் தோட்டங்களை நடத்தும் கம்பெனிகளின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் புவியியல் படிப்பிக்கிறேன். போன தவணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஆகஸ்ட் 28ஆம் திகதியை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு நாளில் வருடா வருடம் நம் ஊரில் எவ்வளவு மழை, எவ்வளவு குளிர் என்று முடிந்தவரை பின்னால் போய்த் தேடி வாருங்கள் என்றேன். மறுநாள் முக்கால்வாசிப் பேர் போனில் பார்த்து ஒரே பதிலை எழுதி வந்திருந்தார்கள். நுவரெலியா, பகலில் 19 பாகை, இரவில் 13 பாகை, இலேசான மழை. ஒரு பிள்ளை மட்டும் எழுந்து, "டீச்சர், இது நம்ம மழையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. போனில் வரும் பழைய வானிலைக் கணக்குகளில் பல, எந்த மலையிலும் யாரும் அளந்தவை அல்ல. பூமியை இருபது முப்பது கிலோமீற்றர் அகலமான கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு எண் என்று கணினி மதிப்பிட்டுத் தருபவை. சமவெளிக்கு அது சரிவரலாம். எங்கள் மலைக்குச் சரிவராது. நுவரெலியாவில் வருடத்துக்குச் சுமார் 1,900 மில்லிமீற்றர் மழை. அங்கிருந்து மேற்கே, நேர்கோட்டில் பார்த்தால் முப்பது கிலோமீற்றர்கூட இல்லாத வட்டவளையில் அது 5,000ஐத் தாண்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் வருவது யாருடைய மழை?

ஆகஸ்ட் மாதம் பதுளை ரயிலில் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டிப்பொல வரை மூடுபனியும் தூறலும். சுரங்கத்துக்குள் நுழைந்து ஒஹிய பக்கம் வெளியே வந்தால் பல நாட்களில் பளிச்சென்று வெயில். தென்மேற்குக் காற்று ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, கிழக்கே ஊவாப் பக்கம் காய்ந்த கச்சான் காற்றாக இறங்குகிறது. இந்தப் பக்கம் கம்பளி காயாத அதே வாரத்தில்தான் அந்தப் பக்கம் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுகிறது.

எங்கள் மழையை அளந்தவர்கள் இருந்தார்கள். என் அப்பா அவர்களில் ஒருவர். தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்தார். ஆபீஸ் முற்றத்தில், சின்ன வேலிக்குள் செம்புப் புனல் வைத்த மழைமானி நின்றது. பிரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது, முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறியதும், ஏழு மணிபோல அதைத் திறப்பார். உள்ளே இருக்கும் போத்தல் தண்ணீரைக் கோடுபோட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடிப்பார். தண்ணீர் நடுவில் குழிந்திருக்கும், அந்தக் குழியின் அடியைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குக் காட்டித் தந்தார். மழையே இல்லாத நாளிலும் போய்ப் பார்த்து, 'நில்' (nil, ஒன்றுமில்லை) என்று எழுதுவார். "வெறுமையா விட்டா, பெய்யலையா, நான் பாக்கலையான்னு பின்னால வர்றவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்பார். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு தாளில் பெயர்த்தெழுதிக் கொழும்புக்கு அனுப்புவார்கள்.

அந்தப் பின்னால் வருபவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள். ஆனால் பதிவேடுகள் எங்கே? 1970களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் மறுபடி கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆபீஸ் அலுமாரிகள் காலியாயின. அப்பா வேலை செய்த தோட்டத்தில் ஆபீசை இடம் மாற்றியபோது பழைய புத்தகங்களை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) அடுப்பில் போட்டார்கள். செக்ரோல் என்ற ஆள் வரவுப் புத்தகமும் மழைக் கணக்கும் ஒன்றாக எரிந்தன. அன்று அப்பா வீட்டுக்கு வந்து யாரோடும் பேசவில்லை.

இதைப் பழைய காகிதத்தின் மேலுள்ள ஆசையால் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருங்கள், 100 தாண்டினால் தயாராகுங்கள், 150 தாண்டினால் வெளியேறுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு எச்சரிக்கிறது. லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா (அறை) ஒன்றின் மேல் 75 மில்லிமீற்றர் பெய்தால் எண்ணூறு லீற்றருக்கு மேல் தண்ணீர், அதாவது பெரிய வாளியால் நாற்பது வாளி. அவ்வளவும் லயத்துக்கு மேலே உள்ள சரிவின் ஒவ்வொரு காம்பரா அளவு மண்ணிலும் இறங்குகிறது. அந்தச் சரிவில் இதற்கு முன் எத்தனை தடவை 75 பெய்தது, எத்தனை தடவை 150 பெய்தது என்று தெரிந்தால்தான் எந்த லயம் எந்த மழையைத் தாங்கியது என்று சொல்ல முடியும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலின்போது மலையகம் முழுவதும் பல இடங்களில் மண் சரிந்தது. எங்கள் ஊரின் மழை எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பெனி நிர்வாகிகளே, உங்கள் தோட்ட ஆபீஸ்களில் மிஞ்சியிருக்கும் மழைப் பதிவேடுகளை எறியாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் திணைக்களத்துக்கும், 1925இல் தொடங்கி, இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். ஒரு போனும் இரண்டு நாளும் போதும்.

திணைக்களத்தாரே, தோட்டங்கள் உங்களுக்கு அனுப்பிய கணக்குகளைத் தோட்டத்தின் பெயரோடு, நாள்வாரியாக, தமிழிலும் வெளியிடுங்கள். பாடசாலைப் பிள்ளை ஒருத்தி தேடினால் கிடைக்க வேண்டும். அப்புறம், இரண்டு விஷயத்தைக் கட்டாயம் குறியுங்கள். பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருக்கும். 2.35 என்று இருப்பதை மில்லிமீற்றர் என்று எண்ணினால் சின்னத் தூறல், உண்மையில் அது அறுபது மில்லிமீற்றர். மற்றது, அளந்த நேரம். நீங்கள் காலை 8.30க்குக் கணக்கு முடிக்கிறீர்கள், அப்பா ஏழு மணிக்கு முடித்தார். 27ஆம் திகதி இரவு கொட்டிய மழை 28ஆம் திகதி காலையில்தான் அளக்கப்பட்டிருக்கும். அதை எந்தத் திகதியில் எழுதுவது என்பதில் ஆபீசுக்கு ஆபீஸ் வழக்கம் வேறுபடலாம். இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டால் பிள்ளைகள் தவறான நாளைப் படிப்பார்கள்.

அப்பா ஒரேயொரு புத்தகத்தை எரிய விடாமல் கொண்டுவந்திருந்தார். ஆறு வருடக் கணக்கு, அட்டை கரையான் அரித்தது, உள்ளே எழுத்து தெளிவாகவே இருக்கிறது. ஆறு ஆகஸ்ட் 28களில் நான்கில் மழை, இரண்டில் 'நில்'. அந்தப் பக்கங்களைத்தான் இப்போது வகுப்பில் வைத்துப் படிப்பிக்கிறேன். முழுப் புத்தகத்தையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள், அன்றைக்கே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து ஆசிரியை ஒருத்தி,
தலவாக்கலை