ஏட்டுப் படங்களை ஆன்லைனில் மாற்றுவது பற்றி நெல்லைச் சீமை மின்னாக்கக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஓலைச்சுவடிகளையும் பழைய நூல்களையும் குடும்பப் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து சேர்த்துவரும் வாசகர் வட்டங்களுக்கும், கல்லூரித் தமிழ்த் துறைகளுக்கும், தன்னார்வக் குழுக்களுக்கும் வணக்கம்.

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, உங்கள் குழுக்களில் சுற்றும் வழிமுறைத் தாள்களில் ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: ‘டிஃப் கோப்பு பெரிதாக இருந்தால் ஆன்லைனில் பிஎன்ஜியாக மாற்றி அனுப்பவும். இரண்டும் லாஸ்லெஸ், தரம் குறையாது.’ அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். டிஃப், பிஎன்ஜி இரண்டும் படக்கோப்பு வடிவங்கள். பிஎன்ஜி லாஸ்லெஸ், அதாவது இழப்பில்லாமல் சுருக்குவது, என்பது உண்மை; டிஃபும் அப்படி இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆன்லைன் மாற்றித் தளம் என்ன செய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

1996இல் வந்த பிஎன்ஜி, தன்னிடம் கொடுத்த பிக்சல்களை (படத்தின் நுண்புள்ளிகளை) அப்படியே திருப்பித் தரும். அதில் ஐயமே வேண்டாம். கொடுப்பதற்கு முன்பே யாராவது பிக்சலை மாற்றியிருந்தால், மாறிய பிக்சலையும் அதே விசுவாசத்தோடு காக்கும். இழப்பு நடப்பது அந்த முன்கட்டத்தில்தான்.

ஓலையை எடுத்துக்கொள்வோம். எழுத்தாணிக் கீறலின் அகலம் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) சில பிக்சல்களே வரும். படம் வழியில் ஒருமுறை ஜேபெக் (விவரத்தை இழந்து சுருக்கும் வடிவம்) ஆகியிருந்தால், 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்கிய தடம் கீறலைச் சுற்றிப் புகைபோலப் படியும், சிறு கரும்பொட்டுகளாகவும் தெரியும். ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா, காலா ரகரமா என்பதையே இடம் பார்த்துத்தான் பிரிக்கிறோம். அந்த இடத்தில் எழுதியவர் வைக்காத பொட்டு ஒன்று விழுந்தால் படிப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி வந்த ஆழ்வார்திருநகரி நம் சீமைதான். பாடபேதம் என்றால் என்ன என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

‘நாங்கள் ஜேபெக் பக்கமே போகவில்லையே’ என்பீர்கள். டிஃப் என்பது ஒரு உறை மட்டுமே. அதன் உள்ளே சுருக்காத படமும் இருக்கலாம், எல்இசட்டபிள்யூ, ஜிப், குரூப் 4 என்று இழப்பில்லாமல் சுருக்கிய படமும் இருக்கலாம், ஜேபெக்கும் இருக்கலாம். 1992இல் வந்த டிஃப் 6.0 வரையறையே அதற்கு இடம் தருகிறது. ஆகவே ஒரு தளம் ‘டிஃப்’ என்று பெயர் போட்டுத் திருப்பித் தந்தாலும் உள்ளே பார்க்காமல் நம்பக் கூடாது. இர்ஃபான்வியூ என்ற படம் காட்டும் மென்பொருளில் படத்தைத் திறந்து ‘ஐ’ விசையைத் தட்டினால் கம்ப்ரெஷன் என்ற வரி வரும். அங்கே ஜேபெக் என்று இருந்தால் அது மூலப்படம் ஆகாது. கோப்பின் கனமும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480க்கு 3508 பிக்சல், வண்ணத்தில் சுருக்காமல் 26 எம்பி. பழுப்பேறிய தாளின் நார், கறை, ஸ்கேனர் இரைச்சல் எல்லாம் சேர்ந்து இழப்பில்லாச் சுருக்கத்துக்கு நன்றாகவே இடக்குப் பண்ணும். அப்படிப்பட்ட பக்கம் 2 எம்பிக்கு வந்து நின்றால் சந்தேகப்படுங்கள். வெப்பி என்ற இணையப் பட வடிவமும் இதே கதைதான்: ஒரே பின்னொட்டில் இழப்புள்ள வகையும் இழப்பில்லாத வகையும் உண்டு.

அடுத்தது ‘தரம்’ என்ற இழுவை (ஸ்லைடர்). ஆன்லைன் பக்கங்களில் பிஎன்ஜிக்கும் 80, 90 என்று ஒரு அளவு காட்டுவார்கள். பிஎன்ஜியில் உண்மையான அமைப்பு 0 முதல் 9 வரையிலான சுருக்க நிலைதான். 0 வைத்தாலும் 9 வைத்தாலும் பிக்சல் ஒன்றே, சேமிக்க ஆகும் நேரமும் கோப்பின் கனமும் மட்டும் மாறும். அதற்கு மேல் ‘தரம்’ கேட்டால் பெரும்பாலும் வண்ணங்களை 256க்குள் அடக்கும் வேலை நடக்கிறது என்று பொருள். கடை லோகோவுக்கு அது போதும். ஓலையின் பழுப்புக்குள் இருக்கும் நூறு பழுப்புகளுக்குப் போதாது. மை மங்கிய இடமும் கறையும் ஒரே நிறமாகிவிடும்.

16 பிட் ஸ்கேன் (8 பிட்டைவிட நுண்ணிய நிற அளவுகள் கொண்டது) எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். மங்கிய மையைப் பின்னால் லெவல்ஸ் (வெளிச்ச அளவை மாற்றும் கருவி) இழுத்து மேலே கொண்டுவரத்தான் 16 பிட்டில் எடுக்கிறோம். பிஎன்ஜி 16 பிட்டைத் தாங்கும்; வெப்பி தாங்காது, 8 பிட் மட்டுமே. வெப்பிக்கு நீளத்திலும் அகலத்திலும் 16,383 பிக்சல் என்ற உச்சவரம்பும் உண்டு. 40 செ.மீ. ஓலை 600 டிபிஐயில் 9,449 பிக்சல்தான், கவலையில்லை. 1200 டிபிஐயில் 18,898 ஆகிறது. அப்போது மாற்றும் தளம் பிழைச்செய்தி காட்டினால் நல்லது. சத்தமில்லாமல் படத்தைச் சிறிதாக்கிவிட்டு ‘வெற்றி’ என்று பச்சை டிக் போட்டால்தான் ஆபத்து.

‘எங்கள் தளம் எதையும் சர்வருக்கு ஏற்றாது, உங்கள் உலாவியிலேயே மாற்றும்’ என்று சொல்பவை உண்டு. உண்மையா என்று பார்க்க எளிய வழி: பக்கம் முழுக்கத் திறந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு மாற்றிப் பாருங்கள். நடந்தால் உண்மை. கூகுள் குரோம் குழு 2018இல் வெளியிட்ட ஸ்குவூஷ் இந்த வகை. அந்தரங்கம் காக்க இவை மேல். ஆனால் இப்படிப்பட்ட பக்கங்கள் பலவும் படத்தை உலாவியின் ‘கேன்வாஸ்’ என்ற வரைபலகை வழியாக எடுக்கின்றன. கேன்வாஸ் வழக்கமாக 8 பிட். வண்ணச் சுயவிவரத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொது வண்ண வரையறைக்கு மாற்றிவிடும். ஸ்கேன் தேதி, டிபிஐ எல்லாம் உதிரும். பாதி ஒளிபுகும் பிக்சல்களின் நிற எண்ணைத் தோராயமாக்கும். போதாக்குறைக்கு, பிரேவ் மாதிரி உளவுத்தடுப்பு உள்ள உலாவிகள் கேன்வாஸைப் படிக்கும்போது வேண்டுமென்றே சில பிக்சல்களை லேசாக மாற்றித் தரும். யார் என்று அடையாளம் காண முடியாதபடி செய்ய வைத்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், ஏட்டுக்கு அல்ல.

பல பக்க டிஃப் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பிஎன்ஜி ஒரு கோப்புக்கு ஒரு படம்தான். 120 பக்கம் உள்ள ஒரே டிஃபைப் பல தளங்களில் போட்டால் முதல் பக்கம் மட்டும் பிஎன்ஜியாக வரும், மற்ற 119 பற்றி ஒரு வார்த்தை வராது. அட்டை அழகாகத் தெரிவதால் யாரும் உடனே கண்டுபிடிப்பதும் இல்லை. முதலில் பக்கங்களைப் பிரியுங்கள், 001, 002 என்று மூன்று இலக்கத்தில் பெயரிடுங்கள். 1, 2 என்று போட்டால் பல மென்பொருள்களில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

டிபிஐ தொலைந்தால் பதற வேண்டாம். 300 டிபிஐ ஏ4 பக்கம் திடீரென்று 34 அங்குல அகலம் என்று காட்டினால், குறிப்பு 72 ஆகிவிட்டது, பிக்சல் அப்படியே இருக்கிறது. ‘ரீசாம்பிள்’ குறியை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் 300 ஆக்குங்கள். பிஎன்ஜியில் 299.9994 என்று காட்டினால் அதுவும் பழுதில்லை. அது மீட்டருக்கு 11,811 பிக்சல் என்று முழு எண்ணாகத்தான் எழுதிவைக்கும்.

மறுபதிப்பு போடும் அன்பர்களுக்குத் தனியாக ஒன்று. சிவகாசிக்கு அனுப்ப வைத்திருக்கும் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை வண்ணங்கள்) டிஃபைத் தொடாதீர்கள். பிஎன்ஜியில் சிஎம்ஒய்கே கிடையாது. மாற்றும்போது ஆர்ஜிபி (திரையின் மூன்று வண்ணங்கள்) ஆகும், அச்சகம் மறுபடி சிஎம்ஒய்கே ஆக்கும்போது வெறும் கருப்பில் இருந்த எழுத்து நான்கு வண்ணக் கலவைக் கருப்பாகும். பிளேட் ஒரு மயிரிழை விலகினால் போதும், 9 பாயின்ட் எழுத்துக்கெல்லாம் வண்ண நிழல் விழும். அச்சகத்தாரைத் திட்டிப் புண்ணியமில்லை.

இனிப் பத்திரங்கள். பாகப்பிரிவினை, கிரயப் பத்திரம், பட்டா நகல் இவற்றில் உயிரோடு இருப்பவர்களின் பெயரும் கையெழுத்தும் கைரேகையும் இருக்கின்றன. அவற்றை எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத சர்வரில் ஏற்றச் சொல்ல ஒரு குழுவுக்கு உரிமை இல்லை என்பது எங்கள் கருத்து. இலவச மாற்றித் தளங்கள் சில கோப்போடு தீய நிரலையும் சேர்த்துத் தருவதாக அமெரிக்க எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது. அந்தக் கவலையே இல்லை என்று வைத்தாலும் கணக்கு உதைக்கிறது: பக்கம் 26 எம்பி என்றால் 200 பக்க நூல் 5.2 ஜிபி. 5 எம்பிபிஎஸ் ஏற்று வேகத்தில் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் இறக்க வேண்டும். வீட்டுக் கணினியில் டீ குடித்து வருவதற்குள் முடியும் சோலி இது.

அந்தச் சோலியை எப்படிச் செய்வது? 8 பிட் படங்களுக்கு இர்ஃபான்வியூ போதும்: ‘பி’ விசையைத் தட்டி பேட்ச் பெட்டியைத் திறந்து, வெளியீட்டில் பிஎன்ஜி அல்லது டிஃப் தேர்ந்து, டிஃப் என்றால் அமைப்பில் எல்இசட்டபிள்யூ அல்லது ஜிப் வைத்து, வேறு ஒரு கோப்புறையில் சேமியுங்கள். மூலத்தின் மேலேயே எழுத விடாதீர்கள். 16 பிட்டை இர்ஃபான்வியூ 8 ஆக்கிவிடும், ஆகவே அங்கே இமேஜ்மேஜிக் அல்லது ஜிம்ப் மென்பொருள். 16 பிட்டுக்கு எல்இசட்டபிள்யூவும் வேண்டாம்; சில சமயம் சுருக்காத கோப்பைவிடப் பெரிதாக்கிவிடும். ஜிப் வையுங்கள். கறுப்பு வெள்ளை மட்டும் உள்ள எழுத்துப் பக்கம் 1 பிட் குரூப் 4 டிஃபாக இருந்தால் மாற்றவே மாற்றாதீர்கள், அதைவிடச் சிறிதாக்குவது கஷ்டம்.

சரிபார்க்காமல் மூலத்தை அழிக்காதீர்கள். கோப்பின் ஹாஷ் எண்ணை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிட்டுப் பயனில்லை, வடிவம் மாறினாலே அது மாறும். பிக்சலை ஒப்பிட வேண்டும். ஜிம்பில் மூலத்தைத் திறந்து, மாற்றிய படத்தை ‘ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்’ மூலம் அதன் மேல் போட்டு, மோடை ‘டிஃபரன்ஸ்’ ஆக்குங்கள். முழுக் கறுப்பு வர வேண்டும். ஒரு அளவு மட்டும் மாறிய பிக்சல் கண்ணுக்குக் கறுப்பாகவே தெரியும், கண்ணை நம்பாதீர்கள். ‘நியூ ஃப்ரம் விசிபிள்’ எடுத்து ஹிஸ்டோகிராமில் வரம்பை 1 முதல் 255 வரை வைத்து, ‘கவுன்ட்’ 0 என்று இருக்கிறதா பாருங்கள். படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் இமேஜ்மேஜிக்கின் ‘கம்பேர்’ கட்டளையில் ‘ஏஇ’ அளவை வைத்து ஓட்டினால் மாறிய பிக்சல்களின் எண்ணிக்கை வரும். 0 தவிர வேறு எது வந்தாலும் அந்தப் படம் திரும்பப் போகட்டும்.

கோயில் கொடை நோட்டீஸுக்கு ஒரு படம், சங்கத்தின் முத்திரை ஒன்று: இவற்றை ஆன்லைனில் மாற்றிக்கொள்ளுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் அது சிறிதாகி ஜேபெக் ஆகித்தான் போய்ச் சேரும், பிறகு அதைப் பிஎன்ஜியாக்கினால் கனம் ஏறுமே தவிர போனது வராது.

ஏற்கெனவே மாற்றி ஏற்றிவிட்டு டிஃபை அழித்துவிட்ட குழுக்கள், வைத்திருக்கும் பிஎன்ஜிகளை 400 சதவீதம் பெரிதாக்கி எழுத்தோரங்களைப் பாருங்கள். கட்டம் கட்டமாகப் புகை தெரிந்தாலோ, வண்ண ஸ்கேனில் மொத்த வண்ணம் 256க்குள் நின்றாலோ அந்த ஏட்டைத் தனிப் பட்டியலில் சேருங்கள். பட்டியலில் ஓரம் நொறுங்கும் ஏடுகளையும், உடைமையாளர் திரும்பக் கேட்டிருக்கும் ஏடுகளையும் முதலில் மறு ஸ்கேனுக்கு எடுங்கள். நன்றாக இருக்கும் அச்சு நூல்கள் காத்திருக்கும். வழிமுறைத் தாளின் அந்த வரிக்குப் பதிலாக இதைப் போடலாம்: ‘ஸ்கேனர் தந்த டிஃபை மாற்றாமல் வன்தட்டில் கொண்டுவந்து கொடுக்கவும். மாற்றுவது எங்கள் பொறுப்பு.’

இப்படிக்கு,
ஸ்கேனிங், அச்சுமுன் வேலை செய்வோர்,
பாளையங்கோட்டை