அப்பாவோட மெமரி கார்டை மீட்டுக் குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணி நன்றி சொல்லியாச்சு, ஆனா போன்ல எனக்கு பேச்சே வர மாட்டேங்குது, நீங்களும் "அட விடுங்க, இதுல என்ன இருக்கு"ன்னு சொல்லி வெச்சுடறீங்க. யார் யார் என்ன பண்ணீங்கன்னு முழுசா எழுதணும்னு ஆசை. ஒருத்தர் செஞ்சது இன்னொருத்தருக்கு தெரியாது, நீங்க எல்லாரும் சேந்துதான் இதை முடிச்சு குடுத்திருக்கீங்க.

விஷயம் தெரியாதவங்களுக்காக சுருக்கமா. அப்பா கேமரால இருந்த 32 ஜிபி எஸ்டி கார்டு கரப்ட் ஆயிடுச்சு. பேரன் சைக்கிள் ஓட்டறதை வீடியோ எடுத்துட்டு இருக்கும்போதே பேட்டரி போய் கேமரா ஆஃப் ஆச்சு, திரும்ப ஆன் பண்ணா கார்டை படிக்க முடியலன்னு வருது, கம்ப்யூட்டர்ல போட்டா ஃபார்மேட் பண்ணணும்னு கேக்குது. அம்மா இப்போ எங்ககூட இல்ல. அம்மாவோட கடைசி சில வருஷத்து போட்டோ, வீடியோ எல்லாம் அப்பா எடுத்ததுதான், அது பூரா அந்த கார்டுலதான் இருந்துச்சு.

முதல் நன்றி கூட வேலை பாக்கற அண்ணாவுக்கு. நான் போன்ல விஷயத்தை சொல்லி முடிக்கறதுக்குள்ளயே "ஃபார்மேட் கேக்குதா, வேணாம்னு குடு, கார்டை வெளிய எடு, அப்புறம் பேசு"ன்னு சொன்னீங்க பாருங்க அண்ணா, மத்தவங்க பண்ணின எல்லாமே அதுக்கப்புறம்தான் சாத்தியம் ஆச்சு. அந்த நேரத்துல வீட்டுல ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லிட்டு இருந்தாங்க, எர்ரர் செக் ஓட்டிப் பாக்கலாம்னு ஒருத்தர், ஃபார்மேட் பண்ணிட்டு ரெக்கவரி பண்ணா வந்துடும்னு ஒருத்தர், எல்லாமே நல்ல மனசோட சொன்னதுதான். நீங்கதான் பொறுமையா விளக்குனீங்க, எர்ரர் செக் ஓட்டுனா அது படிக்கறதோட நிக்காது, கார்டு மேலயே எழுதும், அறுந்து கிடக்கற ஃபைலை எல்லாம் துண்டு துண்டா வேற பேர்ல போட்டு வெச்சுடும், ஃபார்மேட்டும் அப்படித்தான், சில கேமரா மேலோட்டமா, எந்த ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணையை மட்டும் அழிக்கும், சிலது கார்டையே சுத்தமா துடைச்சுடும், எது எப்படின்னு தெரியாம கை வெக்கக்கூடாதுன்னு. "வாசல்ல இருந்த நம்பர் பலகை கழண்டு விழுந்துட்டா வீட்டுக்குள்ள ஆள் இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா"ன்னு நீங்க சொன்னதை அப்படியே அப்பாகிட்ட சொன்னேன். அன்னிக்குதான் அவரு கொஞ்சம் தூங்கினாரு.

இன்னொண்ணும் கேட்டீங்க, இந்த கார்டு எப்பவாவது போன்ல இருந்துச்சா, போனோட உள் மெமரியா சேத்து வெச்சிருந்தீங்களான்னு. ஏன் கேக்கறீங்கன்னு அப்போ புரியல. ஆண்ட்ராய்டு 6ல இருந்து கார்டை போனோட மெமரியாவே சேத்துக்கற வசதி வந்துச்சாம், அப்படி சேத்தா கார்டுல இருக்கறது மொத்தமும் என்க்ரிப்ட் ஆயிடும், சாவி அந்த போனுக்குள்ள மட்டும்தான் இருக்கும், போன் ரீசெட் ஆனா யாராலயும் திறக்க முடியாது. இதை இங்க எழுதறது எதுக்குன்னா படிக்கறவங்க யாராவது அப்படி வெச்சிருந்தா இன்னிக்கே ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க. நம்ம கார்டு கேமராவை விட்டு எங்கயும் போகலைங்கறதால அந்த பிரச்சனை இல்ல.

அடுத்தது டேட்டா ரெக்கவரி லேப் வெச்சிருக்கற சாருக்கு. உங்க பேரை போட வேணாம்னு சொல்லிட்டீங்க சார், போடல. கார்டை கொண்டு வரவான்னு கேட்டதுக்கு, ரீடர்ல போட்டா கார்டோட முழு அளவும் காட்டுதான்னு கேட்டீங்க, ஆமா 32 ஜிபின்னு கரெக்டா காட்டுதுன்னேன், "அப்போ கார்டை நடத்தற கன்ட்ரோலர் சிப் உயிரோடதான் இருக்கு, முதல்ல முழு கார்டையும் இமேஜ் எடுக்கப் பாருங்க, அதாவது உள்ள இருக்கறதை அப்படியே ஒரே ஃபைலா காப்பி, அது முடிஞ்சா எங்கிட்ட வரவே வேணாம்"னு சொல்லிட்டீங்க. கார்டு சுத்தமா கண்டுபிடிக்கவே முடியலன்னாலோ, அளவு தப்பா காட்டினாலோதான் சிப்பை நேரடியா படிக்கற வேலை, மைக்ரோ எஸ்டி மாதிரி கார்டுல எல்லாமே ஒரே துண்டா இருக்கறதால மேல் பூச்சை சுரண்டி உள்ள இருக்கற புள்ளிகள்ல மெல்லிசா ஒயர் வெச்சு எடுக்கணும்னு எல்லாம் சொல்லிக் குடுத்தீங்க. வர்ற வேலையை வேணாம்னு சொல்லி வழியையும் காட்டி விட்டீங்க. உங்களை எப்பவும் மறக்க மாட்டேன்.

இப்போ தம்பி, என் காலேஜ் ஜூனியர். டேய், உனக்குத்தான் பெருசா எழுதணும்.

இவன் லேப்டாப்பை தூக்கிட்டு வந்து முதல் வேலையா கார்டு ஓரத்துல இருக்கற குட்டி லாக் ஸ்விட்சை கீழ தள்ளினான், "இது கார்டுக்குள்ள எதையும் தடுக்காது, ரீடர் மதிச்சாத்தான் உண்டு, இருந்தாலும் இருக்கட்டும்"னு சொல்லி லினக்ஸ்ல கார்டு தானா மவுன்ட் ஆகறதையும், அதாவது சிஸ்டம் தானா கார்டை திறந்துக்கறதையும், நிறுத்தி வெச்சுட்டுத்தான் ரீடர்ல போட்டான். அப்புறம் டிடிரெஸ்க்யூ, கெட்டுப் போன கார்டுல இருந்து காப்பி எடுக்கற ப்ரோக்ராம். அது முதல்ல ஈஸியா படிக்க முடியற இடத்தை எல்லாம் வேகமா காப்பி எடுத்துடுது, மக்கர் பண்ற இடத்தை தாண்டிப் போயிடுது, கடைசியில திரும்பி வந்து அந்த இடத்தை மட்டும் சின்னச் சின்னதா சுரண்டிப் பாக்குது, எது வந்துச்சு எது வரலன்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதிக்கிட்டே போகுது. இடையில கார்டு சூடாகி ரீடர்ல இருந்து காணாம போச்சு, எனக்கு உயிரே போயிடுச்சு. இவன் பதட்டமே இல்லாம கார்டை எடுத்து மேஜை மேல வெச்சு ஆற விட்டு திரும்ப போட்டு அதே மேப்பை வெச்சு விட்ட இடத்துல இருந்தே ஓட்டினான். ராத்திரி பூரா அதே வேலை. நானும் அப்பாவும் மாத்தி மாத்தி வந்து பாத்துட்டுப் போவோம், இவன் நிமிந்து பாக்காம "வந்துட்டு இருக்குப்பா"ன்னு மட்டும் சொல்லுவான். கடைசியில ரொம்பக் கொஞ்ச இடம்தான் படிக்க முடியாம போச்சு.

இமேஜ் வந்ததும் கார்டை கவர்ல போட்டு அப்பா கையில குடுத்துட்டான், இனிமே இதை தொடவே வேணாம்னு. இமேஜுக்கும் ஒரு காப்பி எடுத்து அந்த காப்பிலதான் வேலை பாத்தான். டெஸ்ட்டிஸ்க்ங்கற ரெக்கவரி டூல்ல ஃபோல்டர் பேர் தெரிஞ்சுச்சு, ஆனா எந்த ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணை, ஃபேட்32ங்கற கார்டு ஃபார்மேட்ல அதுக்கு ரெண்டு காப்பி இருக்குமாம், ரெண்டுமே கெட்டுப் போயிருந்துச்சு. அதனால போட்டோரெக்ங்கற இன்னொரு டூல். அதுக்கு அட்டவணையே தேவையில்ல, கார்டுல இருக்கற பைட்டை வரிசையா படிச்சு ஃபைலோட ஆரம்பத்தை அடையாளம் பாத்து எடுக்குது. இமேஜை ஹெக்ஸ் வியூவர்ல திறந்து காட்டினான், வரிசை வரிசையா எண்ணும் எழுத்துமா ஓடுது, நடுவுல "எஃப்எஃப் டி8 எஃப்எஃப்"னு ஒரு இடம், "அக்கா, எங்க இதைப் பாத்தாலும் அங்க ஒரு ஜேபெக் போட்டோ ஆரம்பிக்குது"ன்னு சொன்னான். அப்பா கண்ணாடியை போட்டுட்டு கிட்ட வந்து அந்த வரி மேல விரலை வெச்சுப் பாத்தாரு. அதுக்கப்புறம் கறுப்பு ஸ்க்ரீன்ல ஜேபிஜின்னு போட்டு பக்கத்துல நம்பர் ஏறிக்கிட்டே இருந்துச்சு, நிக்கவே இல்ல.

அப்போ தம்பி சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அப்பா இத்தனை வருஷத்துல கேமரால ஒரு போட்டோவைக்கூட டெலீட் பண்ணினதில்ல, ஆடினது, கண்ணை மூடினது, விரல் மறைச்சது எல்லாமே அப்படியே கிடக்கும். நடுவுல டெலீட் பண்ணிட்டே இருந்தா காலியான சந்துல எல்லாம் அடுத்த ஃபைல் பிச்சுப் பிச்சு உக்காரும், அட்டவணை போயிட்டா அந்த துண்டுகளை சேக்கறது பெரும்பாடு, வீடியோன்னா இன்னும் மோசம். அப்பா அழிக்காததால எல்லா ஃபைலும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா முழுசா இருந்திருக்கு. "அங்கிள், பாதி ரெக்கவரி நீங்க பண்ணினதுதான்"னு அவன் சொன்னதும் அப்பா முகத்தை பாக்கணுமே. அதனால இந்த லிஸ்ட்ல அப்பாவுக்கும் ஒரு நன்றி உண்டு.

அடுத்து சித்தி பொண்ணு. போட்டோரெக் ஃபைலை குடுக்கும், பேரை குடுக்காது. ஒரு ஃபோல்டருக்கு 500 ஃபைல்னு, எஃப்ல ஆரம்பிச்சு ஒரு நீள நம்பர், அவ்ளோதான் பேரு. இவ உக்காந்து எக்ஸிஃப்டூல் வெச்சு போட்டோக்குள்ள பதிஞ்சிருக்கற எடுத்த தேதியையே பேரா மாத்திட்டா. அதுல ஒரு சிக்கல், அப்பா கேமரால எப்பவோ பேட்டரி மாத்தினப்போ கடிகாரம் பின்னாடி போயிருக்கு, ஒரு கூட்டம் போட்டோ பேரன் பொறக்கறதுக்கு முன்னாடி தேதியில பேரனோட நிக்குது! இவ என்ன பண்ணினா தெரியுமா, அந்த எஃப் நம்பர் சும்மா போட்ட நம்பர் இல்ல, கார்டுல அந்த ஃபைல் எந்த செக்டர்ல (வரிசையா நம்பர் போட்ட குட்டி குட்டி இடம்) ஆரம்பிச்சுதுங்கறதுதான் அதுன்னு கண்டுபிடிச்சா. அப்பா டெலீட் பண்ணாததால செக்டர் வரிசையும் எடுத்த வரிசையும் ஏறக்குறைய ஒண்ணுதான், அதை வெச்சு முன்னாடி பின்னாடி இருக்கற போட்டோவை பாத்து தேதியை சரி பண்ணிட்டா. சில போட்டோ பாதிக்குக் கீழ வெறும் சாம்பல் நிறமா வந்துச்சு, அந்த படிக்க முடியாம போன இடத்துல இருந்ததுங்க. அதுங்களுக்கு "டி"ங்கற எழுத்துல பேர் ஆரம்பிக்கற குட்டி ஃபைல் கூடவே இருந்துச்சு, கேமரா ஒவ்வொரு ஜேபெக் உள்ளயும் வெக்கற தம்ப்நெயில். தபால்தலை அளவுதான், இருந்தாலும் முழுப் படம். அதையும் தூக்கிப் போடாம பக்கத்துலயே பத்திரமா வெச்சிருக்கா.

வீடியோ எடிட்டிங் பண்ற அக்காவுக்கு அடுத்த நன்றி. பேட்டரி போனப்போ ஓடிட்டு இருந்த அந்த சைக்கிள் வீடியோ எந்த பிளேயர்லயும் திறக்கல. நம்ம கேமரா படத்தையும் சத்தத்தையும் முதல்ல எழுதிட்டே போகும், எது எங்க இருக்குன்னு சொல்ற மூவ்ங்கற பகுதியை ஸ்டாப் அழுத்தின பிறகுதான் கடைசியா எழுதும், ஸ்டாப்பே அழுத்தலைன்னா அது இருக்காதுன்னு சொன்னீங்க. அதே கேமரால அதே செட்டிங்ல எடுத்த நல்ல வீடியோ ஒண்ணு கேட்டு வாங்கி, அன்ட்ரங்க்ங்கற டூல்ல அதை மாதிரியா குடுத்து இதை சரி பண்ணிட்டீங்க. கடைசி கொஞ்ச நொடி கார்டுக்கே போய் சேரலை போல, அது இல்ல. மத்ததெல்லாம் இருக்கு, அவன் விழுந்து எழுந்து திரும்ப ஏறுறது வரைக்கும். வேலை நெருக்கடி நடுவுல இதை பண்ணிக் குடுத்தீங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது அக்கா.

நேர்ல தெரியாதவங்களுக்கும் சொல்லணும். டெஸ்ட்டிஸ்க்கையும் போட்டோரெக்கையும் எழுதின கிறிஸ்டோஃப் கிரெனியே, டிடிரெஸ்க்யூ எழுதின ஆன்டோனியோ டியாஸ் டியாஸ், எக்ஸிஃப்டூல் எழுதின ஃபில் ஹார்வி, அன்ட்ரங்க் எழுதினவங்க. போட்டோரெக் 2002ல இருந்து இருக்கு, இன்னிக்கு 480க்கும் மேல ஃபைல் எக்ஸ்டென்ஷன் அதுக்கு அடையாளம் தெரியும். எல்லாமே ஓப்பன் சோர்ஸ், யாரும் எங்ககிட்ட எதுவும் கேக்கல. முகம் தெரியாத குடும்பங்களுக்காக இத்தனை வருஷமா ஒருத்தர் உக்காந்து கோட் எழுதிட்டே இருக்காருங்கறது எனக்கு பெரிய விஷயம். இந்த தமிழ் அவங்களுக்குப் போய் சேராது, அதனால தம்பியை விட்டு தனியா மெயிலும் போடச் சொல்லியிருக்கேன், எங்களால முடிஞ்ச நன்கொடையும் அனுப்பறோம்.

என்ன கிடைச்சுதுன்னு நீங்க எல்லாரும் கேட்டீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அம்மா தையல் மெஷின் முன்னாடி உக்காந்து ஊசில நூல் கோக்கறாங்க, நூல் நுனியை நாக்குல நனைச்சு முறுக்கி, கண்ணை சுருக்கி, தவறி, திரும்ப நனைச்சு. பின்னாடி இருந்து அப்பா குரல், "இன்னும் எவ்ளோ நேரம்?" அம்மா திரும்பாமலே, "அந்த கேமராவை கீழ வெச்சுட்டு வந்து கோத்துக் குடுங்களேன்." படம் ஆடுது, கேமரா மேஜைக்குப் போகுது, அதுக்கப்புறம் கூரை மட்டும்தான் தெரியுது, ஆனா ரெண்டு பேரும் பேசிக்கறது நல்லா கேக்குது. இப்படி ஒரு வீடியோ இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது, அப்பாவுக்கே ஞாபகம் இல்ல. அம்மா குரலை நீங்கதான் திருப்பிக் குடுத்தீங்க, இதுக்கு மேல எப்படி சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

இப்போ எல்லாத்துக்கும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி இருக்கு, ஒண்ணு எங்க வீட்டுல, இன்னொண்ணு சித்தி வீட்டுல. அப்பாவுக்கு புது கார்டு வாங்கி, லேபிள்ல போட்ட அளவு நெஜமாவே இருக்கான்னு எஃப்3 டூல்ல முழுசா எழுதிப் படிச்சு செக் பண்ணிட்டுத்தான் கேமரால போட்டோம், அதுவும் தம்பி வேலைதான்.

உங்க வீட்டுலயோ தெரிஞ்சவங்க வீட்டுலயோ கார்டு இப்படி ஆச்சுன்னா எதையும் அழுத்தாம எனக்கு ஒரு போன் போடுங்க. நல்ல ரீடர் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், டிடிரெஸ்க்யூ ஓட்ட தம்பிகிட்ட கத்துக்கிட்டேன், ராத்திரி எந்த நேரமானாலும் பரவால்ல.