சேப்பாக்கம் அரண்மனையின் அலுவலக வரலாற்றையும் எழுதி வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
பொதுப்பணித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 9.

பொருள்: சேப்பாக்கம் அரண்மனையின் முழு வரலாற்றைத் தமிழில் வைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சேப்பாக்கத்தில் அரசு அலுவலகங்கள் இருக்கும் எழிலகத்துக்கு வேலையாக வருகிறவர்களிடம் பின்னால் இருக்கும் செங்கல் கட்டடம் எது என்று கேட்டால், "பழைய ஆபீஸ்" என்பார்கள். அது ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் அரண்மனை என்பது பலருக்குத் தெரியாது.

1768-ல் எழுந்த அரண்மனை அது. 1855-ல் அப்போதைய நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பட்டத்தையே ஒழித்தது. ஏலத்துக்கு வந்த அரண்மனையை அரசே எடுத்துக்கொண்டது. அப்புறம் வருவாய் வாரியமும் பொதுப்பணித் துறையும் உள்ளே வந்தன. அரண்மனையின் இரு பகுதிகளான கலச மஹாலையும் ஹுமாயூன் மஹாலையும் இணைக்கும் கோபுரம் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் சேர்த்தது. கணக்குப் பார்த்தால், நவாப்கள் வாழ்ந்த காலத்தை விடக் கோப்புகள் வாழ்ந்த காலம்தான் அதிகம். நிலவரி, பாசனம், அணை என்று இந்த மாநிலத்தின் எத்தனையோ முடிவுகள் அந்த அறைகளைக் கடந்து போயிருக்கின்றன. அந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை என்பதே என் வருத்தம்.

2012 ஜனவரியில் கலச மஹாலில் தீப்பிடித்தது. மரச்சட்டங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை எரிந்து உள்ளே விழுந்தது. தீயை அணைக்கப் போன தீயணைப்புத் துறையினரில் ஒருவர் உயிரைக் கொடுத்தார். மிஞ்சிய சுவர்களை இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. நல்லவேளை, தங்கள் துறை அதைக் காப்பாற்றியது. சிமென்ட்டை நாடாமல் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்து, பழைய முறையிலேயே சுவரைப் பூசினார்கள். இன்று அங்கே சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது.

எனவே, எழிலகத்தில் பொதுமக்கள் காத்திருக்கும் இடத்திலும் இரு மஹால்களின் வாசலிலும் இந்த வரலாற்றைத் தமிழில் பலகையாக வைக்க வேண்டுகிறேன். நவாப் காலத்தோடு நின்றுவிடாமல் அலுவலகக் காலமும், தீ விபத்தும், உயிர்நீத்த வீரரின் பெயரும், சீரமைத்த கொத்தனார்களின் வேலைமுறையும் அதில் இருக்க வேண்டும். சீரமைப்பின்போது எடுத்த படங்கள் துறையிடம் இருக்கும், அவற்றையும் சேர்க்கலாம். விடுமுறை நாள்களில் மாணவர்களை உள்ளே அழைத்துச் சென்று காட்டவும் ஏற்பாடு செய்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)